தாணு குவைத்தில் கண்டது

வேலாயுதன் தன் தங்கை விஜயம்மாவிடம் ஒரே ஓர் உதவிதான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக் கூட்டத்தில் அவள் புருஷன் தாணு கொஞ்சம் பேச வேண்டும்.

அது 1991 ஜனவரி. ஈராக்கின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போடத் தொடங்கியிருந்தன. கேரளத்து மாவட்டக் கவுன்சில் தேர்தலும் அந்த நேரம் பார்த்து வந்தது. ரோடு, தண்ணீர், ரேஷன் எல்லாம் பேச்சிலிருந்து உதிர்ந்துபோயின. கொல்லயிலிலிருந்து பெருங்கடவிளை சந்தை வரை சுவரெல்லாம் சதாம் உசேனின் மீசை. சதாமுக்கு ஜே போடுகிறவன் ஏழைகளின் ஆள். மற்றவன் அமெரிக்காவின் ஆள். அந்தப் பக்கத்தில் கட்சிக்கு நாக்கு வேலாயுதன்தான்.

"உனக்க மாப்பிள்ளை, எனக்க அளியன், குவைத்திலேருந்து வந்த ஆளாக்கும். அவன் நாலு வார்த்தை சொன்னா என் பிரசங்கமே வேண்டாம். கட்சி ஜெயிச்சா கூட்டுறவு சொசைட்டியில ஒரு வேலை வாங்கிக் குடுக்கேன்" என்றான்.

தாணு குவைத்தில் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டியவன். சதாமின் பட்டாளம் அந்த நாட்டுக்குள் புகுந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாலைவனக் கூடாரத்தில் கிடந்து, சர்க்கார் விமானத்தில் உடுத்த துணியோடு வந்தான். வந்ததிலிருந்து மரச்சீனிக் கிழங்கு போட்ட விளையே கதி.

"எனக்கு மேடை வேண்டாம்" என்றான்.

"எனக்காகப் போங்க. அண்ணனை விட்டா நமக்கு ஆரு உண்டு?" விஜயம்மா விடவில்லை. சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள். தானும் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

தாணு மைக்கைப் பிடித்தான்.

"அமெரிக்கா குண்டு போடுதது அநியாயந்தான். ஆனா நான் அங்க அமெரிக்காவைக் காணல்ல. கண்டது சதாமுக்க பட்டாளத்தை. எனக்க வேனைப் பிடுங்கினது அவனுவ. எங்க முதலாளிக்க மவனைக் கடைவாசல்ல வச்சுச் சுட்டானுவ. நான்தான் தூக்கினேன்..."

"எலே, இறங்குலே! எவ்வளவு டாலர் வாங்கினே?" கூட்டம் கொதித்தது.

வேலாயுதன் மைக்கை வாங்கினான். முகத்தில் கோபமில்லை, பரிதாபம்தான். "தோழர்களே, என் சொந்த அளியன். பாலைவன வெயிலில் கிடந்து தலை கலங்கிப் போச்சு. அதுக்கும் அமெரிக்காவாக்கும் காரணம்!"

சிரிப்பு கிளம்பிக் கைதட்டலாக மாறியது. விஜயம்மாவின் கைகளும் தட்டிவிட்டுத்தான் நின்றன. தாணு மேடையிலிருந்து அதைப் பார்த்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்புகையில் கேட்டான், "எனக்கு வட்டு, பைத்தியம்னு நீயும் நெனைக்கியா?"

"ஊரே ஒண்ணு சொல்லும்போ நீங்க மட்டும் ஏன் வேற சொல்லணும்?"

அவன் நடையை எட்டிப் போட்டு முன்னால் போனான்.

கட்சி ஜெயித்தது. செண்டை மேளமும் வெடியுமாக ஊர்வலம் வீட்டு வாசல் வழியாகப் போனது. சில மாதத்தில் யுத்தம் எல்லாருக்கும் மறந்துவிட்டது. அடுத்த தேர்தலில் கட்சி தோற்றது. மீசைகளின் மேல் சுண்ணாம்பு ஏறியது. தாணுவுக்கு விழுந்த 'குவைத் வட்டன்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. சொசைட்டி வேலையைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுவருஷம் பழைய முதலாளி விசா அனுப்பினார். தாணு போனான். பணம் தவறாமல் வந்தது. ஆள் லீவுக்குக்கூட வரவில்லை.

வருஷங்கள் கழித்து, கட்சி சீட்டு கொடுக்காமல் ஒதுக்கிவிட்ட பிறகு, வேலாயுதன் ஒருநாள் வந்து உட்கார்ந்தான்.

"அளியன் எப்ப வாறான்? அன்னைக்கி நான் சொன்னது தேர்தலுக்காக்கும், தங்கச்சி. மனசுல வச்சுக்கிட்டானோ?"

"தேர்தல்ல நின்னது அவுக இல்லியே அண்ணா" என்றாள். அண்ணன் தலை குனிந்தான். அவளுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. மேடையில் அப்படிச் சொன்னவன் அண்ணன். தாணுவை மேடைக்கு அனுப்பியவள் அவள்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு போனுக்குத் தாணு கூப்பிட்டபோது அவள் முந்திக்கொண்டாள். "அன்னைக்கி நீங்க சொன்னது நிசமாக்கும். எனக்கு அப்பமே தெரியும்."



"அப்பமே தெரியும், இல்லியா? தெரிஞ்சிட்டுதான் கைதட்டினே" என்றான் தாணு. பிறகு, மழை உண்டா என்று விசாரித்தான்.