கொடி சுற்றிப் பிறந்தவனின் மாமன்

1.

தொப்புள்கொடியைப் பற்றி ஒரு மருத்துவ மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கர்ப்பத்தில் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் அந்தக் கொடி வழியாகவே போகின்றன என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் திம்மையா குறுக்கே ஓடினான். கட்டுரை அவனோடு போய்விட்டது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'யுத்தகாலத்து அருப்புக்கோட்டையில், தறிச்சத்தம் ஓய்ந்த ஒரு மதியம், வானம்...'

வேண்டாம். வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

சௌடம்மாளுக்குத் தாய்வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மருத்துவச்சி மாரிக்கனி அதை விரலால் நெகிழ்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றிவிட்டாள். பிள்ளை வீலென்று அழுதது. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. வாசலில் நின்ற அண்ணன் திம்மையா சேதியைக் கேட்டான். செருப்பைக்கூடப் போடாமல் திருச்சுழிக்குப் போனவன், நூல் வியாபாரி சேக் முகம்மது வீட்டில் தங்கிவிட்டான்.

(இவ்வளவு கோழையா என்று எனக்கே சந்தேகம். தைரியசாலியாக்கி ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதை பிரசவத்தோடு முடிந்துவிட்டது.)

3.

பிள்ளையைத் தொட்டிலில் போடத் தாய்மாமன் வேண்டும். ஆள்மேல் ஆள் விட்டும் அவன் வரவில்லை. மாதம் திரும்பியதும் சௌடம்மாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். மேட்டில் நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அவள் மட்டும் உள்ளே உட்கார்ந்து அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கண்டதும் திம்மையா நூல் பொதிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

(அவர்கள் கன்னட நெசவாளர் குடும்பம்; வீட்டுப் பேச்சும் கன்னடம். எனக்கு அது வராது. ஆகையால் தமிழில் சண்டை போடுகிறார்கள்.)

"உள்ள இருந்தப்ப இவனுக்குச் சோறு போட்டது அந்தக் கொடிதாண்ணே. இவனையே ஒண்ணும் செய்யல. உன்னைய என்ன செய்யப்போவுது?"

"பயமா இருக்கு தாயி."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. கழுத்துல கொடியோட வந்தான். நான் எங்கிட்டு ஓடுறது?"

பொதிகளுக்குப் பின்னாலிருந்து ஆள் மெல்ல வெளியே வந்தான்.

4.

(கட்டுரை வரி வீணாக வேண்டாம்: பல பிள்ளைகள் இப்படித்தான் பிறக்கின்றன, பெரும்பாலும் தீங்கில்லை. மாமன்களைப் பற்றி மருத்துவ நூல்களில் தகவல் இல்லை.)

பரிகாரம் உண்டு. மாமன் பிள்ளையின் முகத்தை நேரே பார்க்காமல், முதலில் எண்ணெயில் விழும் நிழலாகப் பார்க்க வேண்டும். சேக் முகம்மது கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்து வைத்தார். சௌடம்மாள் பிள்ளையை மேலே பிடித்தாள். திம்மையா கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தான்.

பிள்ளை ஒன்றுக்குப் போனது. கொஞ்சம் எண்ணெயில். மிச்சம் மாமன் முகத்தில்.

பதறிக் கண்ணைத் திறந்தவன், எண்ணெயை விட்டுவிட்டு நேராகப் பிள்ளையைப் பார்த்துவிட்டான்.

5.

முடிவு ஒன்று: மறுநாளே திம்மையாவுக்குக் காய்ச்சல் கண்டு—

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவன் நூறு வயது வரை—

நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். சிரிப்பு வந்துவிட்டது. "குடு தாயி" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

அவள் உடனே கொடுத்தாளா, கொஞ்சம் காக்கவைத்தாளா? கூடப்பிறந்தவர்கள் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.