ரகசிய வார்த்தை

இந்தக் காலத்தில் வெட்கம் என்ற ஒன்றே ஒழிந்துபோயிற்று. முகம் தெரியாத ஒருத்தி போன் போடுகிறாள். ஊர் சொல்வதில்லை, அப்பன் பேர் சொல்வதில்லை. எடுத்த எடுப்பில், "சார், உங்க ரகசிய வார்த்தை என்ன?" என்கிறாள். அந்தக் காலத்தில் ஒருத்தன் இப்படிக் கேட்டிருந்தால் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு போயிருப்பான். இப்போது கேட்கிறவளுக்கும் கூச்சமில்லை, சொல்கிறவனுக்கும் புத்தியில்லை.

டெல்பர்ட் கிரிம்ஸ் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும், "போடி வேலையப் பாத்துகிட்டு" என்று போனை வைத்துவிட்டார். அதில்தான் வந்தது வினை.

டெக்சாஸின் வடக்கு மூலையில், நெடுஞ்சாலை ஓரமாக அவருக்கு ஒரு தீவனக் கடை. மாட்டுத் தீவனம், குதிரைக்கு ஓட்ஸ், உப்புக்கட்டி, வேலிக் கம்பி. காலையில் கடையைத் திறப்பது அவர் மனைவி லொரீன். டெல்பர்ட் பிக்கப் வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்விடுவார். முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் லொரீன் கடையைத் திறந்தபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். அவளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். கீழே விழுந்ததில் மணிக்கட்டு பிசகியது. அது சரியாகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. "அலாரம் வை. இல்லாட்டி நான் வரமாட்டேன்" என்றாள். வைத்தார். அலாரம் வைக்க நகர அலுவலகத்தில் பெர்மிட் வாங்க வேண்டும் என்றார்கள். தன் கடைக்குத் தன் மணி, அதை அடிக்க எவனிடமோ அனுமதி. முனகிக்கொண்டே அதையும் வாங்கினார்.

திருடன் பகலிலும் வருவான் என்று பின்பக்கத்துக் கிடங்கு அலாரத்தை மட்டும் நாள் முழுக்க ஓடவிட்டார். அந்தப் பக்கத்து மேற்கத்திக் காற்றுக்கு ஆளையே சாய்க்கிற பலம். காற்று அடித்தால் கிடங்கு ஷட்டர் ஆடும். ஆடினால் அலாரம் அலறும். உடனே அலாரம் கம்பெனிக்காரி போன் போட்டு ரகசிய வார்த்தையைக் கேட்பாள். சரியாகச் சொன்னால் அதோடு விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் போலீஸ் வரும்.

போலீஸ் வந்தது. மூன்று தடவை. மூன்று தடவையும் ஷட்டர் ஆடிக்கொண்டிருந்ததே தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாம் தடவை வந்த போலீஸ்காரர், அலுப்போடு ஒரு தாளை லொரீனிடம் நீட்டினார். இன்னொரு முறை வீணாக அலறினால் பெர்மிட் ரத்து. அதற்குப்பின் அலாரம் எவ்வளவு கத்தினாலும் வண்டி வராது.

அன்று சாயங்காலம் லொரீன் கடைச் சாவியைத் தன் வளையத்திலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"என்னது இது?"

"சாவி. போலீஸ் வராதுன்னா நான் தனியாத் திறக்க மாட்டேன் டெல்பர்ட். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க டல்சாவுல மழையாவது பெய்யும்."

"கடைய யாரு பாக்கறது?"

"உன் அலாரம் பாக்கும்."

மறுநாள் இரண்டு பேரும் நகர அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசையில் நின்று நின்று டெல்பர்ட்டின் இடுப்பு விட்டுப்போயிற்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மார்சேலா என்று ஒரு பெண். காலையிலிருந்து ஊர்ச் சண்டையெல்லாம் கேட்டு ஓய்ந்த முகம்.

"மிஸ்டர் கிரிம்ஸ், கம்பெனிக்காரங்க முதல்ல உங்க செல்லுக்குத்தான் பண்ணியிருக்காங்க. நீங்க திட்டிட்டு வச்சிட்டீங்க."

"திருடனும் அப்படித்தான் போன் பண்ணுவான். அவளை எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் கடைக்குப் பண்ணியிருக்காங்க. அங்க ஒரு அம்மா எடுத்து, 'வார்த்தை எனக்குத் தெரியாது, தயவுசெஞ்சு யாரையாவது அனுப்புங்க'ன்னு அழுதிருக்காங்க. மூணு தடவையும்."

டெல்பர்ட் திரும்பிப் பார்த்தார். லொரீன் சுவரில் மாட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லவே இல்லையே?"

"எதைச் சொல்ல? உள்ள எவன் நிக்கிறான்னு தெரியாம நான் தீவன மூட்டைக்குப் பின்னால உக்காந்திருந்தேன். மணி அடிக்குது, போன்ல ஒருத்தி வார்த்தை வார்த்தைங்கறா. என் புருஷன் எனக்குச் சொல்லலன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"

மார்சேலா அவருடைய பெர்மிட் விண்ணப்பத் தாளைத் திருப்பிக் காட்டினாள். "அவசரத்துக்குக் கூப்பிட ரெண்டு பேர் வேணும்னு கேட்டிருக்கோம். நீங்க ரெண்டு இடத்துலயும் உங்க பேரையே எழுதியிருக்கீங்க."

பின்னால் நின்ற ஒரு ஆள் களுக்கென்று சிரித்தான். "தாத்தாவுக்கு அவருமேலயே அவ்வளவு நம்பிக்கை!"

"உன்னை எவன்டா கேட்டான்?" என்றார் டெல்பர்ட். குரலில் சூடு ஏறவில்லை.

"ரெண்டாவது பேர் மாத்துங்க, ஷட்டரை இறுக்குங்க. இந்த ஒருவாட்டி அந்த மூணையும் கணக்குல சேக்காம விட்டுடலாம்" என்றாள் மார்சேலா. "யார் பேர் போடட்டும்?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். லொரீனை அவர் நம்பாமல் இல்லை. நாற்பது வருஷமாக அவள் வைத்ததைத்தான் தின்கிறார். ஆனால் அவள் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. சர்ச்சில் போர்வை தைக்கிற கூட்டத்தில் உட்கார்ந்தால் அவர் மூலவியாதி முதற்கொண்டு ஊருக்குத் தெரிந்துவிடும்.

"இவ பேரைப் போடு" என்றார் கடைசியில். "போட்டுத் தொலை."

பிக்கப்பில் வீடு திரும்பினார்கள். தானியக் கிடங்குகள் தாண்டியதும் அவர் ஜன்னலை ஏற்றிவிட்டுச் சொன்னார்: "பியூலா."

"யாரு அது?"

"வார்த்தை. எங்கப்பன் வச்சிருந்த கோவேறு கழுதை."

லொரீன் அவர் பக்கம் திரும்பினாள். "கழுதைப் பேரைக் காப்பாத்தத்தான் என்னைய மூட்டைக்குப் பின்னால உக்கார வச்சியா?"

அவர் வண்டியை இன்னும் கொஞ்சம் விரட்டினார். அன்று மாலையே ஷட்டரை வேலிக் கம்பியால் இழுத்துக் கட்டினார். லொரீனிடம் கம்பெனிக்காரி வெகுநேரம் போனில் பேசினாள். லொரீன் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டாள். மேஜையில் கிடந்த சாவியை அவள் இன்னும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் சாவி மேஜையில் இல்லை. அவள் முன்னதாகவே போய்க் கடையைத் திறந்திருந்தாள். டெல்பர்ட் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது காற்று கிளம்பியது. கட்டிய கம்பி முறுக்கவிழ்ந்து ஷட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. அலாரம் ஊரைக் கூட்டியது.

அவர் மூட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஓட்டம் என்ன ஓட்டம், நொண்டல்தான். கடைப் போன் அதற்குள் அடித்தது. லொரீன் எடுத்தாள். இந்தத் தடவை அவள் மூட்டைக்குப் பின்னால் ஒளியவில்லை.

"பியூலா" என்றாள். பிறகு, "இல்லம்மா, காத்துதான். என் வீட்டுக்காரர் கட்டின கட்டு அப்படி."

அலாரம் நின்றது.

டெல்பர்ட் வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்தார். ஒரு மாட்டு லாரி போயிற்று. போலீஸ் வண்டி வரவில்லை. காத்திருந்து பார்த்தார். வரவே இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தைய சொன்னா போலீஸ் வராதா? எவனாவது உன் கழுத்துல கத்திய வச்சு 'பியூலான்னு சொல்லுடி'ன்னா?"

"அதுக்கு வேற வார்த்தை இருக்கு" என்றாள் லொரீன், சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டே. "அதைச் சொன்னா, சரிம்மான்னு போனை வச்சிட்டு உடனே போலீஸை அனுப்பிடுவாங்களாம். நேத்து கம்பெனிக்காரியும் நானும் பேசி வச்சிருக்கோம்."

"என்ன வார்த்தை?"

"சொல்ல மாட்டேன். நீ தீவனம் போடற எடத்துலயெல்லாம் உளறிடுவே."

அவள் காபியை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள், தினமும் உட்காருகிற இடத்தில்.

ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டா திருடன் நிற்பான்? எல்லாம் ஏமாற்று. அவர் கருவிப்பெட்டியிலிருந்து இன்னும் ஒரு சுருள் வேலிக் கம்பியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, காற்றைத் திட்டியபடி பின்பக்கத்துக்கு நடந்தார்.