ஏழு மணிக்கு வருவாள்

விடியும் முன்பே தோட்டத்தில் கரும்பு சாயத் தொடங்கிவிட்டது. பனியில் ஊறிய சோகை இலை கழுத்தையும் முழங்கையையும் அறுத்தது. ஆண்கள் அடியோடு வெட்டிப் போட, பெண்கள் சோகையை உரித்துக் கட்டுக் கட்டினார்கள். விடிகாலை நாலு மணிக்கு டிராக்டர் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். அதில் ஏறாதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. மேஸ்திரி தெய்வசிகாமணி போட்ட சட்டம் அது. அவர் மட்டும் காபி குடித்துவிட்டு ஆறு மணிக்கு பைக்கில் வருவார்.

எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள் சந்தியா. போன வாரம் வரை கடைசி ஆளாக ஓடிவந்து திட்டு வாங்கியவள்.

"பாருங்க, பொண்ணு திருந்திட்டா!" என்றார் வரப்பில் நின்ற மேஸ்திரி.

பெண்கள் சிரித்தார்கள். சோகை உரித்துக்கொண்டிருந்த ராஜாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. சந்தியாவின் அந்தப் பளபளத்த கண்ணும் ஓயாத பேச்சும் அவளுக்குப் பழக்கம். போன வருஷம் சின்னப்பொண்ணுவிடமும் இதையே பார்த்திருந்தாள்.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த ஊரில் சந்தியாவோடு சேர்த்து ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்தவள் ராஜாம்பாள்தான். மாத்திரை போட்டால் விடிகாலையில் உடம்பு எழாது. "சீசன் முடியிற வரிக்கும் நிறுத்திக்கோ, நானும் அப்பிடித்தான்" என்று சின்னப்பொண்ணுவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான். சீசன் பாதியில் சின்னப்பொண்ணுவைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். அதற்குப் பிறகு ராஜாம்பாளுக்குச் சோறு சரியாக இறங்கியதில்லை.

கையிலிருந்த கரும்புக் கட்டைப் போட்டுவிட்டுச் சந்தியாவிடம் போனாள்.

"எத்தினி நாளா மாத்திரை போடல?"

"இன்னாக்கா, நல்லாத்தான இருக்கறேன்."

"எத்தினி நாளு?"

சந்தியாவின் கை நின்றது. "பத்து நாளு. புள்ளைக்குச் சோறு வோணுமேக்கா. தூக்கமே வரல. யாரோ கூப்டுக்கினே இருக்காங்க."

ராஜாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரப்புக்குப் போனாள்.

"மேஸ்திரி, இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேங்க. இனிமே மாத்திரை சாப்புடுறவங்க ஏழு மணிக்கு வருவோம். வுட்ட வேலைய சாயங்காலம் முடிச்சுத் தரோம்."

"பைத்தியத்துக்குத் தனி டைமா? வேற ஆளு வெச்சுக்கறேன். உனுக்கு இன்னா வந்துச்சு?"

"நானும் அந்த மாத்திரைதாங்க சாப்புடுறேன்." சந்தியாவின் கையை அவள் விடவில்லை. "சின்னப்பொண்ண நிறுத்தச் சொன்னது நாந்தான். உங்க ஹாரனுக்குப் பயந்துக்கினு சொன்னேன். இன்னொருத்திய அப்பிடித் தூக்க என்னால ஆவாது."

வெட்டு நின்றது. எல்லார் கண்ணும் வீரமணி பக்கம் போனது. சின்னப்பொண்ணுவின் புருஷன். கையில் கத்தியோடு அவன் நடந்து வந்தான். ராஜாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள்.

அவன் அவளைப் பார்க்கவேயில்லை.

"சாவறதுக்கு மொத நாளு வரிக்கும் மொத ஆளா வந்தா, மேஸ்திரி. நீங்க மெச்சினீங்க. நானும் மெச்சினேன்." கத்தியை வரப்பில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பாவாடை தன் கத்தியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தான். "நானும் அந்த மாத்திரை சாப்புடுறவன்தாங்க," என்றான். அப்புறம் காசியம்மாள், அவளுக்குப் பின்னால் மாத்திரையே சாப்பிடாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பாதி நிரம்பிய டிராக்டர் பெட்டி சும்மா நின்றது.

"மத்தியானத்துக்குள்ள வேற கும்பல எறக்குறேன்" என்று மேஸ்திரி போனை எடுத்தார்.

"எறக்குங்க. அதுலயும் மாத்திரை சாப்புடுற எங்காளு ரெண்டு பேரு இருப்பாங்க," என்றான் பாவாடை.

தோட்டத்தை ஒட்டிய மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது சந்தியா அழுதாள்.

"நாளைக்கு வேல இருக்குமாக்கா?"

"தெரியல. ஆனா மாத்திரை போட்டுட்டு நல்லாத் தூங்கு. ஆறரைக்கு நானே உன் வூட்டுக்கு வந்து எழுப்புறேன்."

ராஜாம்பாள் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வரப்பிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.