புளியமரத்துக்கு மூன்று விரல் முன்னால்

டாக்டர் ஞானசௌந்தரி ஆளைப் படுக்கவைத்து, ஹிப்னாடிசத்தில் பத்திலிருந்து கீழே எண்ணுவார். யாரை எது அடித்துப் போட்டதோ, அது மூன்று என்னும்போது அறைக்குள் வந்துவிடும். எனக்கு முன்னால் போன மளிகைக்கடைக்காரருக்கு ஒரு நாய் வந்தது. எனக்குப் பஸ் வந்தது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதிக் கவிழ்ந்த அதே எக்ஸ்பிரஸ். அன்றிலிருந்து நான் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. மாட்டுத் தரகன் நான், சந்தை சந்தையாக நடந்தே போய்விடுவேன். ஆனால் நூறு கிலோமீட்டர் தள்ளிக் காங்கேயத்தில், வெள்ளிக்கிழமை காலை என் மகள் தேன்மலருக்குக் கல்யாணம். இன்று வியாழன் சாயங்காலம்.

"முன்படியில ஏறுங்க," என்றார் டாக்டரம்மா. "பீரோவுல இடிச்சுக்காதீங்க. நான் 'ஒண்ணு'ன்னு எண்ணினா மரம் வந்துடும். அதுக்குள்ள பேசி முடிங்க."

அன்றைய ஆட்கள் அத்தனை பேரும் அவரவர் சீட்டில் இருந்தார்கள்.

"வந்துட்டாரு துரை," என்றாள் பூக்கூடைக்காரி. "யோவ், நாங்க செத்தது ஒரு தடவை. நீ தினம் நினைச்சு நினைச்சு நாலாயிரம் தடவை கவுத்துட்ட. ஒரு நாளாவது என் பூ முழுசாப் போய்ச் சேர்ந்துச்சா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆசைப்பட்டா நினைக்கிறேன்? வாயை மூடிட்டு உக்காரு!"

கண்டக்டரிடம் போய், நாளைக்கு மகள் கல்யாணம் என்று சொல்லி, மரத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன்.

"இது எக்ஸ்பிரஸ் தரகரே. நடுவுல நிக்காது."

தோள் துண்டை அவர் கைமேல் போட்டு, மாட்டுக்கு விலை பேசுவதுபோல் உள்ளே விரலைப் பிடித்தேன். விரலுக்கு ஒரு பர்லாங், மரத்துக்கு அவ்வளவு தூரம் முன்னால் நிற்க வேண்டும். நான் நாலு கேட்டேன். அவர் ஒன்று கொடுத்தார்.

"ஒரு பர்லாங்குல நிக்கிற பிரேக்காய்யா இது?" கையை உதறினேன்.

"ரெண்டு," என்றார் டாக்டரம்மா கீழேயிருந்து.

கண்டக்டர் இரண்டாவது விரலை நீட்டினார். நான் துண்டை உருவிக்கொண்டு படிவரை போனேன். எங்கே போவேன்? இருந்தாலும் போனேன்.

"குடுத்துத் தொலைய்யா," என்றாள் பூக்காரி. "எனக்கு நாத்தம் தாங்கல, நாலாயிரம் தடவை ஒரே மல்லி."

மூன்றில் படிந்தது. பஸ் நின்றது. எல்லோரும் டாக்டரம்மாவின் அறைக்குள் இறங்கினோம். டிரைவர் கடைசியாக இறங்கிக் கதவைச் சாத்தினார். "ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. காலி பஸ் தன்பாட்டுக்குப் போய் மரத்தில் மோதிக் கவிழ்ந்தது.

பூக்காரி கூடையைத் திறந்து பார்த்தாள். ஒரு பூ சிந்தவில்லை.

"கல்யாணத்துக்குப் பூ சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப நாங்களும் வர்றோம். பஸ்ஸுலதானே?"

"பஸ்ஸுலதான்," என்றேன். ஜன்னலோரம் எனக்கென்று அப்போதே சொல்லிவைத்தேன்.

வெளியே பெஞ்சில் அடுத்த டோக்கனோடு புளியமரம் உட்கார்ந்திருந்தது. நாலாயிரம் இடி வாங்கிய பட்டை. அதற்கும் எங்கள் பஸ்தான் வரும். துண்டை அதன் கிளையில் போட்டேன்.

"மூணுக்குப் படியாதே. நாலு கேளு," என்று சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.