அனுப்புநர் பார்த்துப் பிரித்த மாத்திரைகள்

காலை ஏழரை மணிக்கு அவர் தம் மனைவியின் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் படுக்கையறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுவர் முடிந்த இடத்தில் அலமாரியைப் பிடித்தாள். அலமாரி முடிந்த இடத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம இருபத்தெட்டு வருஷம் நின்னவ நான். இப்ப நிக்கிற வீட்டுல சுவத்தப் பிடிச்சிட்டு வரேன்."

"வயசாகுதுல்ல," என்றார் அவர், கையிலிருந்த அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போன மாசம் ஆகலையா வயசு? இந்த ஒரு மாசத்துல மொத்தமா ஆயிடுச்சா?"

நான்கு மாத்திரைகளை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீரோடு அவள் முன்னால் வைத்தார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் தபால்காரர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. யார் வீட்டுக் கதவையும் தட்டி ஒரு கடிதம்கூட அவர் கொடுத்ததில்லை. பெரிய தபால் நிலையத்தின் பின்கட்டில் நின்றபடியே முப்பத்தாறு வருஷம் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து அறை அறையாகப் போட்டவர். பிரிப்பவர் வேறு, கொடுப்பவர் வேறு என்று எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்துவிட்டார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அப்ப வரேங்க தபால்காரரே" என்று கிளம்பிவிடுகிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவர் மனைவி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்டக்டரம்மா என்றால் அவளுக்கு வருத்தம் ஏதும் இல்லை, பெருமைதான்.

அவளுக்கு மாத்திரைகள் கூடக் கூட, அவர் பலகை வாங்கி ஆறு அறைகள் வைத்த ஓர் அடுக்கைச் செய்தார். தபால் என்றால் போய்ச் சேரும் விலாசத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். மாத்திரைக்கு அது முடியாது. எல்லாவற்றுக்கும் விலாசம் ஒன்றே, கண்டக்டரம்மாவின் வாய். ஆகவே அனுப்புநரைப் பார்த்துப் பிரித்தார். தெருமுனை டாக்டருக்கு ஓர் அறை, சர்க்கரை டாக்டருக்கு ஓர் அறை, முட்டி டாக்டருக்கு, கண் டாக்டருக்கு என்று அழகாகச் சீட்டு ஒட்டினார். போன மாதம் அவள் நெஞ்சுச் சளியோடு நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததில் அந்த டாக்டருக்கும் ஓர் அறை ஆயிற்று. ஒருவர் எழுதியதை இன்னொருவருடையதோடு கலக்கக்கூடாது என்பதில் அவர் மகா கறார். அந்தந்த டாக்டரின் மருந்துச் சீட்டுக்கு அந்தந்த டாக்டருக்குப் பக்கத்துக் கடையில்தான் மருந்து வாங்குவார். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட, "அதெல்லாம் வேற டாக்டரோடது" என்று சொல்லிவிட்டார். கேட்டவர்களும் அவசரத்தில் விட்டுவிட்டார்கள்.

தலைசுற்றல் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கணுக்கால் வேறு வீங்கியது. அவர்கள் இருந்தது மாடி வீடு, இருபத்திரண்டு படி. கண்டக்டரம்மா மூன்று வாரமாகக் கீழே இறங்கவில்லை. அவர் ஒரு கைத்தடி வாங்கி வந்தார். அவள் அதைத் தொடவில்லை. மகள் போனில் விசாரித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வருவதாகச் சொன்னாள். வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டியதுதான் என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து கண்டக்டரம்மா ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள், இறக்கிவிடப் போகும் பயணியைப் போல.

அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி டாக்டரின் மாத்திரைகளில் ஒன்று தீர்ந்தது. தொடரச் சொல்லியிருந்ததால் சீட்டை எடுத்துக்கொண்டு தபால்காரர் போனார். ஆஸ்பத்திரிக் கடையில் வெள்ளையடிக்கிறார்கள் என்று கதவை மூடியிருந்தார்கள். வேறு வழியில்லாமல், முதன்முறையாக விதியை மீறி, சீட்டைத் தெருமுனைக் கடையில் நீட்டினார். அங்கே இருந்த மருந்தாளுநர் நாற்பது வயதுப் பெண். சீட்டைப் படித்தவள் அலமாரிப் பக்கம் திரும்பாமல் அவரையே பார்த்தாள்.

"சார், போன வாரம்தான பச்சை அட்டை ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க?"

"அது தெருமுனை டாக்டரோடதும்மா. இது ஆஸ்பத்திரியோடது. நீல அட்டை."

அவள் கடை அலமாரியிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பினாள். "கம்பெனி வேற, பேரு வேற. கீழ பொடி எழுத்துல இருக்கு பாருங்க. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். பிரஷர் மாத்திரை. ரெண்டையுமா கொடுத்திட்டிருக்கீங்க?"

"வேளை தவறாம," என்றார் தபால்காரர். பழக்க தோஷத்தில் குரலில் பெருமை வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அம்மாவுக்குத் தலை சுத்துதா?"

அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் உடனே தெருமுனை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். "நீல அட்டைய இனிமே கொடுக்க வேணாமாம். மத்ததுல நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு, அம்மாவையும் கைபிடிச்சு இறக்கி, சாயங்காலம் கூட்டிட்டு வரச் சொன்னாரு. தலை சுத்தல் அதிகமானா காத்திருக்க வேணாம், உடனே கிளம்பிடுங்க."

அவர் வீட்டுக்கு நடந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: உறைமேல் இருப்பதைப் படி, உள்ளே இருப்பது உன் வேலை இல்லை. முப்பத்தாறு வருஷம் அதைக் காப்பாற்றினார். கிழிந்து வந்த உறையைக்கூடக் குப்புறத் திருப்பி வைத்துத்தான் ஒட்டுவார். அட்டையின் பொடி எழுத்தையும் அவர் அப்படித்தான் பாவித்திருந்தார், அது டாக்டருக்கும் மருந்துக்கும் உள்ள சமாசாரம் என்று. இப்போது பேசாமல், டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும். கடைக்காரப் பெண் வந்து கேட்கப் போவதில்லை. கண்டக்டரம்மா தேறிவிடுவாள், அவர் பெயரும் நிலைக்கும். மாடிப்படியின் அடியில் நின்று இதையே இரண்டு தடவை யோசித்தார். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

அவள் ஜன்னலோரம் இருந்தாள்.

"டாக்டர் ஒரு மாத்திரைய..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பச்சை அட்டை, நீல அட்டை, பொடி எழுத்து, ஆஸ்பத்திரியில் தாம் சொன்ன பதில், ஒன்று விடவில்லை. "ஒரே மருந்த உனக்கு ரெண்டு மடங்கு கொடுத்திருக்கேன். தப்பு என்னோடது."

அவள் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாலு வாரமா எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நானும் நம்பிட்டேங்க. இனிமே இவ்வளவுதான் நாமன்னு நெனச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையைத் தட்டினாள்.

"அந்த அடுக்க இங்க கொண்டாங்க. ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. அந்த டாக்டர் சீட்டெல்லாம்கூட."

ஆறு அறைகளும் மேஜைமேல் கொட்டப்பட்டன. கண்டக்டரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகக் கையில் எடுத்தாள். டிக்கெட் வாங்காதவனைப் பார்க்கும் அதே பார்வை. "நீ எங்க ஏறின? யாரு ஏத்தினது? எதுக்கு? எங்க இறங்கணும்?" சீட்டைப் பார்த்து அவர் பதில் சொல்லச் சொல்ல, பொடி எழுத்துப் பெயர் முதற்கொண்டு ஒரே தாளில் எழுதினாள். ஐந்து நாளைக்கு என்று ஆஸ்பத்திரியில் எழுதிய வயிற்று மாத்திரை ஒன்று, நாலு வாரமாக வெளியே எட்டிப் பார்க்காமல் பயணம் செய்துகொண்டிருந்தது.

"இத யாரும் இறக்கி விடலையா?"

"நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே."

"ஒவ்வொரு டாக்டரும் ஏத்தி விடுறாங்க. இறக்கி விட ஒரு ஆளு இல்ல. அப்புறம் வண்டி ஆடாம என்ன செய்யும்?" என்றாள். அவள் சிரித்தாள். சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அவரும் சிரித்தார்.

சாயங்காலம் டாக்டர் அளந்து பார்த்தபோது பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. பச்சை அட்டை மட்டும் போதும் என்றார். வயிற்று மாத்திரைக்கும் விடை கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்து, எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டுங்கள், மருந்தும் ஒரே கடையில் வாங்குங்கள் என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்ததில் திருப்தியானார். கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. அடுக்கில் அனுப்புநர் சீட்டெல்லாம் போய், காலை, மதியம், மாலை, இரவு என்று வேளைகள் வந்தன. ஒட்டியது அவர்தான், மேற்பார்வை அவள்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பகல் முழுக்க மகள் அம்மாவையே கவனித்தபடி இருந்தாள். கிளம்பும் நேரத்தில்தான் மெல்ல, "அப்ப வீட்டு விஷயம் என்னம்மா முடிவு?" என்றாள்.

"கீழ வந்து வழியனுப்பறேன் வா," என்றாள் கண்டக்டரம்மா.

மகளும் மாப்பிள்ளையும் முன்னால் இறங்கினார்கள். அவள் நடுவில். தபால்காரர் ஒரு படி பின்னால், அவள் முதுகுக்கு நேராகக் கையை நீட்டியபடி. "கம்பியப் பிடிச்சுக்கோ," என்றார் இரண்டு தடவை. அவள் பிடிக்கவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் காலை நன்றாக ஊன்றி இறங்கினாள். மகள் பாதியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கினாள். இருபத்திரண்டும் முடிந்தன. தெருவுக்கு வந்து, விழ வழியே இல்லாத சமதரையில் நின்றுகொண்டு, கண்டக்டரம்மா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, இன்னும் அந்தரத்தில் நின்ற அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.