மொத்த பேஜாரு

ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில்தான் கங்கம்மாவின் இட்லிக் கடை. புனேயில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஹேமநாத், லாரியை விட்டுக் குதித்ததும் நேராக அங்கேதான் போனான். அவனுக்கு அப்பா அம்மா கிடையாது. கங்கம்மா அவன் சிநேகிதன் பரத்தைப் பெற்றவள்; இவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டவள்.

"வா நைனா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று தட்டில் இட்லியை வைத்தவள், அடுத்த மூச்சிலேயே, "பரத்து போன் கீன் பண்ணானா?" என்றாள்.

"இன்னும் ஊட்டுக்கு வர்லியாமா அவன்?"

"என்னாண்ட கோச்சிக்கினு போனவன்தான். போன போட்டா சுச் ஆஃபு. வீம்பு புடிச்சவன், அப்டியே அவங்கப்பன்."

"வந்துருவான்மா," என்று ஹேமநாத் சட்னியைத் தொட்டுக்கொண்டான். பரத் எங்கே போனான் என்பது அவனுக்குத் தெரியும். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான் அந்தக் கழுதை.

இட்லியைப் பிட்டபடி போனைத் தடவியவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையில் 'மொத்த பேஜாரு' என்று ஓர் ஆல்பம். அட, நம்ம பசங்க!

'பேஜாரு' ஒரு பங்க் ராக் குழு. மீஞ்சூரில் ஒரு தகர ஷெட்டில், ஷிஃப்ட் முடித்து வந்த கம்பெனி ஆட்கள் நாலு பேர் கூடிக் கத்தியது. கிடாரில் மூன்றே கார்டு, வயிற்றெரிச்சல், அவ்வளவுதான் சங்கீதம். ஓவர்டைம் மேல் ஒரு பாட்டு, கேன்டீன் சாம்பார் மேல் ஒரு பாட்டு. டிரம்ஸ் நம்ம ஹேமநாத். பாடுகிற ஜெகனோடு சண்டை வந்து, குச்சிகளை அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்து, கம்பெனியில்கூடச் சொல்லாமல் வேலையையும் உதறி, சிம்மையும் உடைத்துப் போட்டுவிட்டு, குழுவில் யாருக்கும் தெரியாமல் வடக்கே வண்டியேறினான். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஆனால் இந்தத் தடவை சமாதானமாகப் போகத்தான் வந்திருந்தான்.

ஆரம்பத்திலிருந்து இன்றுவரை அவர்கள் கத்திய எல்லாமே ஆல்பத்தில் இருந்தது. அட்டைப் படத்தில் வேறு யாருமில்லை, வியர்த்து வழிகிற அவன் முகம்தான். 'என்னை மறக்கலடா நீங்க' என்று சட்டை நுனியால் திரையைத் துடைத்தான். அப்புறம்தான் கீழே இருந்த வரியைப் படித்தான். 'மறைந்த எங்கள் ஹேமநாத்துக்கு.'

அடப் பாவிங்களா! உயிரோடு இட்லி தின்கிறவனைக் கொன்றுவிட்டார்களே! ஜெகன் பழிவாங்குகிறான் என்று அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைசிப் பாட்டின் பெயர் 'ஹேமா'. அதை அமுக்கினான், ஆனால் கேட்கப் பொறுமையில்லை. டிரம் மேல் பெயின்ட்டில் எழுதியிருந்த ஜெகனின் நம்பர் மனப்பாடம், போட்டுவிட்டான்.

"இன்னாடா ஜெகா, எனக்குக் கருமாதிலாம் முடிஞ்சுதா?"

"யாரு பேசுறது?"

"டேய், ஹேமாடா."

"எவன்டா நீ? செத்தவன் பேர்ல வெளாடுற?"

"குச்சிய எறிஞ்சப்போ உன் உதடு கிழிஞ்சுதே, தையல் போட்டாங்களே, அந்த ஹேமாடா."

ஜெகன் ஓவென்று அழுதான். ஹேமநாத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"தேர்வாய் கண்டிகைல, உன் ஃபேக்டரில, ஃபர்னஸ் வெடிச்சுதுடா. ஆள் அடையாளமே தெரியல. கேட்டு மிஷின்ல உன் பேருதான் உள்ள போய்க்கீது, வெளிய வர்ல. உனக்குத்தான் யாருமில்லியேன்னு நாங்களே வாங்கிப் பொதச்சோம்டா. அப்ப... அது யார்ரா?"

ஹேமநாத்தின் வாயில் இட்லி அப்படியே நின்றது.

மேஸ்திரியை அறைந்ததற்காகப் பரத்துக்கு எந்தக் கம்பெனியிலும் கேட் பாஸ் கிடைக்கவில்லை. ஹேமநாத் கிளம்புகிற அன்று, 'உன் பாஸக் குட்றா, கேட்ல மூஞ்சிய எவன் பாக்குறான்' என்று கேட்டான். அங்கே எல்லாரும் செய்கிறதுதானே, அட்டையை நீட்டினால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். கழற்றிக் கொடுத்துவிட்டு இவன் புனேக்குப் போய்விட்டான். ஐயோ, நான் பாட்டுக்குக் கொடுத்தேனே!

போனைத் துண்டித்தான்.

துண்டித்ததும், நின்றிருந்த பாட்டு தானாகவே ஓட ஆரம்பித்தது. கிடார் இல்லை. சுடுகாட்டில் வைத்தே பதிந்திருக்கிறார்கள். மேளம் அதிர்கிறது, மண் விழுகிற சத்தம் கேட்கிறது, "ஹேமா! டேய் ஹேமா!" என்று ஜெகன் தொண்டை கிழியக் கத்துகிறான். நிறுத்தப் பார்த்தால், சட்னி ஒட்டிய விரலுக்குத் திரை மசியவில்லை.

கங்கம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, உன் பேரச் சொல்லி அழுவுறானுங்க? நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீற. யாரு பெத்த புள்ளையப் பொதைக்கிறானுங்க?"

ஹேமநாத் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். மாவு ஒட்டிய அவள் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"பரத்து... போன் பண்ணானா நைனா?"

"அம்மா," என்றான். "அதுதாம்மா பரத்து."