இரண்டு கிலோ

டங்கென்ற சத்தத்தில், அடுப்பருகே சுருண்டிருந்த பூனை ஒரே தாவலில் அலமாரி மேல் ஏறிவிட்டது. முராதலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கியின் வலது பை கிழிந்து, அதற்குள் இருந்த இரண்டு கிலோ எடைக்கல் பலகைத் தரையில் விழுந்து உருண்டு, எடை மெஷினில் முட்டி நின்றது. அவர் பார்வை முதலில் ஜன்னலுக்குத்தான் போனது. வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நவம்பரிலேயே வீட்டைப் பூட்டிவிட்டுத் தலைநகர் பிஷ்கேக்குக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வீடு முந்நூறு அடி தள்ளி. இந்தச் சத்தத்தைக் கேட்க அவரும் பூனையும்தான்.

காலமான மனைவி புரூலின் ஊசிப் பெட்டியை எடுத்து, கம்பளி நூலை இரட்டையாகக் கோர்த்து, பையைத் தைத்தார். குனிந்து நிமிரும்போது கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நாக்கு மரக்கட்டை மாதிரி வறண்டிருந்தது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அங்கியைப் போட்டுக்கொண்டார். வலது பையில் ஒரு இரண்டு கிலோ, இடது பையில் இன்னொரு இரண்டு கிலோ, உள்பையில் ஒரு கிலோ. மெஷின் மேல் ஏறி நின்றார். எண்பத்து நான்கு.

பிறகுதான் போனை எடுத்தார்.

"எம்பத்தி நாலு, மகளே."

"மறுபடியுமா?" மறுமுனையில் கிராமச் சுகாதார நிலையத்து நர்ஸ் சைகல். "குருத்தை வாயில போட்டீங்களா?"

குருத் என்றால் காய்ந்த தயிர் உருண்டை. கல் மாதிரி இருக்கும், பாதி உப்பு.

"வீட்டுலயே இல்லையே."

"வீட்டுல இல்லன்னா கோட்டுப் பையில இருக்கும். உங்கள எனக்குத் தெரியாதா? இருங்க, வர்றேன்."

கோட்டுப் பை என்றதும் அவர் கை தானாக வலது பையின் தையலைத் தடவிப் பார்த்தது.

முராதலி நாற்பது வருடம் கூட்டுப்பண்ணையில் கம்பளி எடை போட்டவர். மேய்ப்பர்கள் மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். தராசு காட்டியதற்கு மேல் ஒரு கிராம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை, கீழேயும் வந்ததில்லை. சொந்த மச்சினன் இதற்காகவே மூன்று வருடம் பேசாமல் இருந்தான். பண்ணை கலைந்தபோது ஆளுக்கு ஒரு பசு, ஒரு டிராக்டர் சக்கரம் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். அவர் எடைக்கற்களை எடுத்துவந்தார். அதனால்தான் இப்போதும் போனில் சும்மா ஒரு எண்ணைச் சொல்ல அவரால் முடியவில்லை. மெஷின் காட்டினால்தான் சொல்ல முடியும். மெஷினைக் காட்டவைக்க இரும்பு வேண்டியிருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒரு வாரம் அவர் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் யாரோ தலையணையை முகத்தில் அழுத்துவது போலிருக்கும். கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார். கடைசியில் மாவட்ட ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், அவருடைய மகள் வயதுதான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "உங்க இதயம் நின்னுடல, களைச்சுப்போச்சு. பம்பு வேகமா இறைக்கலன்னா தண்ணி தேங்கும் இல்லையா? அது கால்லயும் நுரையீரல்லயும் தேங்குது. உப்பு போட்டா தேங்குற தண்ணி அங்கேயே நிக்கும். டீயில உப்பு கூடாது, குருத் கூடாது, புகை கூடாது. தினம் கொஞ்சம் நடங்க. காலைல எழுந்ததும், வெறும் வயித்துல, எப்பவும் ஒரே துணியோட எடை பாருங்க. உங்க எடை எம்பத்தி ரெண்டு. எம்பத்தி நாலு ஆச்சுன்னா அது கொழுப்பு இல்ல, தண்ணி. உடனே நர்ஸுக்குச் சொல்லணும்."

எடை என்றால் அவருக்குப் புரியும். மூச்சைவிட, வலியைவிட, அது நம்பகமான பாஷை. ஒரு நாள் தவறாமல் பார்த்தார்.

டிசம்பரில் ஒரு சாவு வீட்டு விருந்தில் ஆட்டுக்கறியும் குருத்தும் சாப்பிட்டு, எடை நிஜமாகவே எண்பத்து நான்கு ஆனது. சைகல் பனியில் நடந்து வந்தாள். காலை அமுக்கினாள், குழி விழுந்தது. முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். திட்டினாள். பிறகு டீ குடித்தாள். இரண்டு மணி நேரம் இருந்தாள். அவள் போன பிறகும் வீட்டில் பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் இருப்பது போலிருந்தது. மூன்று நாளில் எடை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் யாரும் கதவைத் தட்டவில்லை. ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் மகன் நூர்பெக் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "மருந்து சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன்." "குளிரா?" "குளிர்தான்." அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் நாள் காலையில் அவர் எடைக்கல் பெட்டியைத் திறந்தார்.

ஒரு கணக்கை மட்டும் அவர் யோசிக்கவில்லை. எடை ஏறினால் டாக்டர் போனிலேயே நீர் மாத்திரையைக் கூட்டுவாள். கூட்டினாள். அவர் விழுங்கினார். எடையில் ஏமாற்றியாயிற்று, மாத்திரையிலுமா ஏமாற்றுவது என்று இருந்தது அவருக்கு. டீக்கு அதுதான் விலை என்று வைத்துக்கொண்டார். மாத்திரை உடம்பில் இருந்த தண்ணீரை உறிஞ்சியது. இரண்டு கிலோ இரும்பு போதவில்லை, மூன்று ஆனது. நேற்றோடு ஐந்து. இரும்பு ஏறியது, மனிதர் இறங்கினார். எண்பத்து இரண்டு கிலோ ஆள் எழுபத்தொன்பதுக்கு வந்துவிட்டார் என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கதவு தட்டப்பட்டது.

"தாத்தா, உயிரோட இருக்கீங்களா?"

"இப்போதைக்கு இருக்கேன். உள்ள வா, குளிரை விட்டுட்டு வா."

சைகல் பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். கன்னம் குளிரில் வெடித்திருந்தது. அவள் புருஷனும் ரஷ்யாவில்தான். போன வருஷம் வரை பணம் அனுப்பினான், இந்த வருஷம் போன் நம்பரை மாற்றிவிட்டான். இதை அவள் சொல்லவில்லை. ஊரே சொன்னது.

"ஏறுங்க மேல."

அங்கியோடு ஏறினார். பெரியவர் ஒருவரிடம், அவர் வீட்டிலேயே வைத்து, மருமகள் வயதுப் பெண் அங்கியைக் கழற்றுங்கள் என்று சொல்வது அந்த ஊரில் நடக்காத காரியம். அந்த மரியாதையில்தான் அவர் திட்டம் முழுவதும் நின்றது.

"எம்பத்தி நாலுதான்," என்றாள். குனிந்து அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். விரலை எடுத்தாள். தோல் அப்படியே இருந்தது. அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். குரல் அவருக்கும் கேட்டது.

"கால் வீக்கம் இருக்கா?"

சைகல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "லேசா... இருக்கற மாதிரிதான்."

"சரி, இன்னும் ரெண்டு நாள் அதே டோஸ். காய்ஞ்ச ஆப்ரிகாட் சாப்பிடச் சொல்லு."

முராதலி தன் காலைப் பார்த்துக்கொண்டார். நல்ல ஆட்டுக்கால் மாதிரி எலும்பும் தோலுமாக இருந்தது.

டீக்கெட்டிலைத் தூக்கி, கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி அவளிடம் நீட்டினார். விருந்தாளிக்கு அப்படித்தான் ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால், திரும்பத் திரும்ப ஊற்றுவேன், இரு என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"உப்பில்லாத டீ," என்றார். "ஆடு மூத்திரம் பேஞ்ச மாதிரி இருக்கும். பொறுத்துக்க."

"ஆடு மூத்திரம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பது வருஷம் கம்பளியோட இருந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஐந்து கிலோ தாராளமாகச் சுமக்கலாம் என்று அவருக்குப் பட்டது. அவள் மாமியார் கோழியோடு சண்டை போட்ட கதையைச் சொன்னாள். கிண்ணத்தை நீட்டினாள். இரண்டு விரல். மறுபடி நீட்டினாள். இரண்டு விரல். ஆறாவது கிண்ணத்துக்கு வெந்நீர் தீர்ந்தது. அடுப்பில் இருந்த பாத்திரத்தை எடுக்க முராதலி எழுந்தார்.

எழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது கால்கள் மெத்தை அடுக்கின் மேல் இருந்தன. கையில் பிரஷர் பட்டை. சைகல் ஸ்பூனால் தண்ணீர் ஊட்டிக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எம்பதுக்கு அம்பது, டாக்டர்... இல்ல, வீக்கம் இல்ல. கொஞ்சம்கூட இல்ல... நீர் மாத்திரையை நிறுத்திட்டேன். காலைல ஜீப்புல கூட்டிட்டு வர்றேன், ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க."

அவர் மேல் அங்கி இல்லை. ஆணியில் தொங்கியது. தரையில் மூன்று எடைக்கற்கள் வரிசையாக இருந்தன. சைகல் போனை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேல் வைத்தாள். மெஷின் ஐந்து என்று காட்டியது.

"சரியா அஞ்சுதான்," என்றார் முராதலி, படுத்தபடியே. "அதுல குறை இருக்காது."

"பேசாதீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும். சாகப் பாத்தீங்களே தாத்தா. ஒரு டீக்காகவா?"

முராதலி மெஷின் மேலிருந்த கற்களைப் பார்த்தார். நாற்பது வருடத்து நாணயத்தை எழுபத்தோராவது வயதில் மூன்று கல்லுக்கு விற்றாயிற்று. இனி இந்தப் பெண் வரமாட்டாள். வந்தாலும் டாக்டரோடு வருவாள், வாசலில் நின்றபடி அங்கியைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போவாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வீட்டில் மாடு கறக்கிற நேரம்.

அரை மணி கழித்துத் தலைசுற்றல் நின்றதும், அவள் தடுத்தும் கேட்காமல், மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தார். கெட்டிலைக் கிட்டே இழுத்தார். அவள் கிண்ணத்தை எடுத்து, விளிம்பு வரை, ததும்ப ததும்ப ஊற்றினார். அவள் முகத்தைப் பார்க்காமல் தள்ளிவைத்தார்.

சைகல் கிண்ணத்தைப் பார்த்தாள். எடுத்தாள். குடிக்கவில்லை. கெட்டில் மூடியைத் திறந்து, இரண்டு விரல் மட்டும் மிச்சம் வைத்து, மற்றதை உள்ளேயே திருப்பி ஊற்றினாள்.

"கால்ல வீக்கம் இல்லன்னு நீங்க கல்லு வெச்ச முதல் தடவையே எனக்குத் தெரியும், தாத்தா. எங்க வீட்டுல ஒன்பது பேருக்கு நான்தான் டீ ஊத்துறேன். எனக்கு ஊத்துற கை இது ஒண்ணுதான்."